செக்கப்புக்குப் போட்ட கோட்டு

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில், எதிர் வீட்டுக்காரியும் நானும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். இருவருக்கும் டாக்டரம்மாவும் ஒருவர்தான். எதிர் வீட்டுக்காரி கறுப்பினப் பெண், வக்கீல். செக்கப் என்றால் இஸ்திரி போட்ட கோட்டு, முத்துத் தோடு, லிப்ஸ்டிக், கூடவே அவள் அக்கா. நானோ தொளதொள சுடிதாரும் ரப்பர் செருப்புமாகத் தனியாகப் போவேன். என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

"டாக்டர்கிட்ட வர்றாளா, கல்யாண ரிசப்ஷனுக்கு வர்றாளா?" என்று கணவரிடம் பொருமுவேன்.

"நீயும் டிரஸ் பண்ணிட்டுப் போயேன். யாரு வேணாம்னா?"

கால் வீங்கிக் கிடந்த எனக்குக் கோட்டு ஒன்றுதான் குறைச்சல்!

எட்டாம் மாதம் ஒருநாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. நைட்டிமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை வலிக்கிறது என்றதுமே நர்ஸ் பதறி, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, டாக்டரம்மாவையும் கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் அது வெறும் தலைவலி.

வெளியே வந்தால் எதிர் வீட்டுக்காரி அக்காவோடு நிற்கிறாள். அதே கோட்டு, அதே முத்து. முகம் மட்டும் உப்பியிருந்தது.

"ரெண்டு நாளா தலைவலி. கண்ணு முன்னாடி மின்னுது," என்று அதே நர்ஸிடம் சொன்னாள்.

"இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிச்சிட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க." நர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"பிரஷர் பார்க்காம நாங்க நகர மாட்டோம்," என்றாள் அக்கா. நர்ஸ் அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு இப்பதானே பார்த்தீங்க? அவளுக்கும் பாருங்க!" என்று கத்திவிட்டேன். நான் சொன்னதும் நர்ஸ் எழுந்தாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது; பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. தாயும் குறைமாதக் குழந்தையும் பிழைத்தது பெரிய விஷயம்.

நான்கைந்து நாள் கழித்து மிளகு ரசம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி அங்கியில், லிப்ஸ்டிக் இல்லாமல், சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"உன் கோட்டைப் பார்த்து எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? கூடவே அக்கா வேற," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு கறுப்புப் பொண்ணு சொல்றதையும் நம்பணுமேன்னுதான் அந்தக் கோட்டு. அக்கா வந்தது துணைக்கு இல்ல, சாட்சிக்கு. நீ நைட்டியோட வந்தே, உன்னை நம்பினாங்க. எனக்கு என்னன்னு நான் சொன்னப்போ நம்பல, நீ சொன்னதும் நம்பினாங்க. என் உயிரைக் காப்பாத்தினவ நீ. ஆனாலும் உன்னைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."