இடியப்ப உரலும் ஒரு தாளும்

என் மனைவிக்கு வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. அவளோடு அல்ல, இடியப்ப உரலோடு. துறைமுகப் பட்டறையில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவனின் பெண்சாதி மாவை அழுத்திக் கை வீங்குவதா? மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்து, கைப்பிடியைத் திருகினால் மெல்லப் பிழியும் உரல் ஒன்று செய்தேன். அதற்குப் பேட்டன்ட் எடுக்க வேண்டும், இது இவனுடையது என்று அரசாங்கம் எழுதித் தரவேண்டும் என்பது ஒன்றே என் ஆசை.

நல்ல காரியம் தொடங்குமுன் அயலுக்குப் பலகாரம் கொடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீடு தவறாமல் புது உரலின் இடியப்பம் போனது. கூடவே கொட்டாஞ்சேனையில் அச்சடித்த ஒரு தாளும். அதில் உரலின் படத்தை நான் கீறினேன், அதைப் பூட்டிப் பிழியும் விதத்தை அவள் எழுதினாள்.

அடுத்த கிழமை இருவருமாகச் சட்டம் தெரிந்த புரொக்டரிடம் போனோம். அவர் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பேட்டன்ட் புதிய சாமானுக்குத்தானாம். ஊருக்கெல்லாம் விளக்கம் கொடுத்தபின் அது புதிது இல்லையாம். கிடைத்திருந்தாலும் பதினைந்து வருடம் அளவில் முடிந்துவிடுமாம். தாளில் அவள் எழுதியதற்கோ விண்ணப்பமே தேவையில்லை, எழுதிய நாளே பதிப்புரிமை வந்துவிட்டது. அவள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் ஐம்பது வருடமும் இருக்கும். ஆனால் அது சொற்களை மட்டுமே காக்கும். தாளைப் படித்து எவரும் உரல் செய்யலாம், அவள் எழுதியதைத் திருப்பி அச்சடிக்கத்தான் கூடாது.

நான் இடிந்துபோனேன். பலகாரம் கொடுக்க அவசரப்பட்டவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் பக்கத்தில் இருந்து சொன்னாள்: "எனக்கு இனிக் கை நோகாது. அது காணாதோ? ஆரும் செய்யட்டும். அவையின்ர பெண்சாதிமாருக்கும் கை இருக்குத்தானே."

அப்படியே பலரும் செய்தார்கள். முதலில் செய்தது யார் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அவள் கண்மூடி எட்டு வருடம். அந்தத் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. "மெதுவாகத் திருகவும், அவசரம் வேண்டாம்" என்று முடித்திருக்கிறாள். அந்த வசனம் இன்னும் நாற்பத்திரண்டு வருடத்துக்கு அவளுடையது. அதுவரை நான் இருக்கமாட்டேன்.