மீதிப் பாதி வழி

யுத்த காலத்தில் ஆவடி முகாமில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, எங்களுக்கு ஓட்டப் பரீட்சை வைத்தார்கள். கொரட்டூர் ஏரிக்கரையில் வெறுங்காலோடு வளர்ந்தவன் நான். கொடுத்த பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி, முதலில் வந்தேன்.

பூட்ஸ் போடாத ஓட்டம் செல்லாது என்றார் வெள்ளைக்கார சார்ஜண்ட். மதராஸிக் காலுக்குப் பூட்ஸ் எங்கே பழகப்போகிறது என்று சிரித்தார்.

பூட்ஸை மாட்டி உடனே மறுபடி ஓடினேன். பாதி வழியில் குதிகால் உரிந்து ரத்தம் கசிந்தது. நின்றுவிட நினைத்தபோது பக்கத்தில் பூட்ஸ் சத்தம். பூந்தமல்லி காசிம், ஏற்கெனவே தேறிவிட்டவன்.

"நீ இன்னாத்துக்கு ஓடறே?"

"நீ நின்னுட்டா அவன் இன்னும் சிரிப்பான் மச்சான். ஓடு."

நேரத்துக்குள் முடித்தேன். தன் ஏச்சுதான் என்னை ஓட வைத்தது என்று சார்ஜண்ட் பெருமையடித்தார். அடித்துக்கொள்ளட்டும். அவர் ஏச்சுக்கு நான் பாதி வழிதான் ஓடினேன். மீதியை ஓடியது காசிமுக்காக.