தொடத் தயங்கிய விரல்

போன வாரம் ஒரு ஜெராக்ஸ் எடுக்க சிங்காநல்லூரில் சாந்தியின் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் கணவர் செல்வராஜ் கட்டிலில் உட்கார்ந்து டேப்லெட்டில் பிரௌசரைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். செய்தி இல்லை, விளம்பரம் இல்லை, தேடும் கட்டம்கூட இல்லை. ஒரு நீல கேட், ஒரு ஸ்கூட்டர், ஒரு தையல் மெஷின்... எல்லாம் பெரிய பெரிய படங்கள். ஓர் எழுத்துகூடக் கிடையாது.

"நானே செஞ்ச பக்கமுங்ணா" என்றார் சாந்தி.

செல்வராஜுக்கு ஆறு மாதம் முன்பு பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, படிப்பது திரும்பவில்லை. போனில் யார் பெயரும் அவருக்குப் புரியாது. யாரிடம் பேசுவதென்றாலும் சாந்தியைக் கூப்பிட வேண்டும். கூச்சப்பட்டுப் பேசுவதையே விட்டுவிட்டார். ஊரெல்லாம் சொந்தம் உள்ள மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கூட இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

சாந்தியுடையது ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுப் பழகிய கை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, பிரௌசரைத் திறந்ததும் வரும்படி ஒரு முதல் பக்கம் செய்துவிட்டார். சொந்தக்காரர்களின் முகங்கள் — தொட்டால் அவர்களுக்கே போன் போகும்.

செல்வராஜ் பார்த்தார். இரண்டு நாள் தொடவே இல்லை.

"ஏனுங்க, புடிக்கலீங்களா?" என்று கேட்டிருக்கிறார் சாந்தி.

"அக்கா மூஞ்சில எப்புடி வெரல வெச்சு அமுக்கறது? சம்பந்தி வேற இருக்காரு. மரியாதையா இருக்குமா?"

நானாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். சாந்தி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உடுமலைப்பேட்டை அக்காவுக்கு அவர் வீட்டு நீல கேட். கிணத்துக்கடவு சம்பந்திக்கு அவர் ஓட்டும் ஸ்கூட்டர். கேட்டைத் தொடலாம், வண்டியைத் தொடலாம்... தப்பில்லையே!

அன்று மாலை செல்வராஜ் அக்காவுடன் முக்கால் மணி நேரம் பேசினாராம். "நானேதான் கூப்புட்டனுங்க்கா" என்று நாலு தடவை சொன்னாராம்.

பெரிய கம்பெனிகளும் நமக்கென்றே பக்கம் அமைத்துத் தருகின்றன. போன வருடம் நான் தேடிய மிக்ஸியை இன்னும் காட்டுகிறார்கள். நம் விரல் எங்கே தயங்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சாந்திக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட, அதற்கு மதிப்புக் கொடுக்கவும் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். கடைசிப் படம் மட்டும் ஒரு முகம் — சாந்தியேதான்.

"இத மட்டும் மாத்தலையா அம்மணி?"

"மாத்தச் சொல்லவே இல்லீங்ணா. என்ற மூஞ்சிய மட்டும் நாளைக்கு இருவது தடவ குத்தறாருங்க."