ஞாயிறு உருவினால் செவ்வாய் படுக்கை

எங்கள் தொழிற்சாலையில் யாருக்காவது தொலைபேசி அழைப்பு வந்தால் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கையைக் காட்டுவார். அன்று அவரே நடந்து வந்து என் இயந்திரத்தை நிறுத்தினார். மறுமுனையில் திரேசா அக்கா, செபமாலை அண்ணையின் பெண்சாதி. "தம்பி, அவர் போயிட்டார். கோப்பியோட போய் எழுப்பினன், எழும்பேல்லை." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். இந்த மனுசன் இதையும் ஒருவரிடமும் சொல்லாமல் செய்துபோட்டாரே! நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று முதல் நாள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள், அதற்கு நல்லதாக நாலு வரி எழுதும்படி அக்கா கேட்டார். செபமாலை அண்ணையை அறிந்த நீங்கள் எல்லோரும் அவர் பொறுமைசாலி, யார் மனதையும் நோகச் செய்யாதவர் என்றுதான் எழுதுவீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பொறுமையோடு ஒரே வீட்டில் நான்கு வருடம் சீவித்தவன் நான். அது எவ்வளவு பெரிய கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியாது.

அவர் மன்னார்க்காரர், நில அளவையாளர். இங்கே வருவதற்கு முன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மூன்று வருடம் காடுகளுக்குள் எல்லை அளந்து திரிந்தவர். அங்கே ஓர் உண்ணி கடித்தது. தொடையில் வட்டமாகச் சிவந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு முழங்கால் வீங்கியது, கழுத்துப் பிடித்தது, நோ உடம்பெல்லாம் இடம் மாறித் திரிந்தது. பிந்தித்தான் ஒரு வைத்தியர் அது லைம் நோய் என்று கண்டுபிடித்தார். லைம் என்பது அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயராம். மருந்தால் பாதி குறைந்தது. மீதி அவரோடு ஒக்லண்டுக்கு வந்தது. இங்கே காட்டப் போனால், அந்த நோய் இந்த நாட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அண்ணை சொன்னார்: "நாட்டில இல்லாட்டி என்ன ஐசே, என்னில இருக்கே." இதை அந்த டொக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சேச்சே, அந்த மனுசனும் பாவம்" என்றார்.

மவுண்ட் வெல்லிங்டனில் இரண்டு அறை வீடொன்றில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னாரில். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கே இருந்த நிலைமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களை இங்கே எடுக்க வேண்டுமென்றால், அண்ணைக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிய கடிதம் குடிவரவு அலுவலகத்துக்கு வேண்டும். நகரின் எப்சம் பகுதியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் அவருக்கு வரைபடம் வரைகிற வேலை. அந்த மேசையில் ஒரு வருடம் ஒழுங்காக இருந்துவிட்டால் போதும், கடிதம் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடத்தைத்தான் அண்ணை எண்ணிக்கொண்டிருந்தார்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். ஊரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கால் உருவிவிடுகிற ஆள் நான். சுளுக்கு, பிடிப்பு, நரம்பு இழுப்பு எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். நோகிற இடத்தைக் கண்டுபிடித்துக் கத்தக் கத்த அழுத்தினால்தான் நோ போகும் என்பது நாங்கள் எல்லோரும் நம்பிய விசயம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் அண்ணையைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, நல்லெண்ணெயைச் சூடாக்கி, முழங்காலிலிருந்து குதி வரை ஒரு மணி நேரம் உருவினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல கை ஐசே உமக்கு" என்பார். திங்கட்கிழமை விறுவிறென்று நடந்து பஸ் எடுப்பார். எனக்குத் தலைகால் தெரியாது. அமெரிக்க டொக்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் கொதிகலன் பழுதாகி எங்களை மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், அண்ணை சட்டை, கழுசான் எல்லாம் போட்டபடி கட்டிலில் கிடக்கிறார். கண்ணுக்கு மேலே ஈரத் துவாய். உடம்பு கொதிக்கிறது. இரண்டு முழங்காலும் வீங்கிப்போய் இருக்கிறது. தண்ணீர் கேட்க வாயெடுத்தவருக்குத் தண்ணீர் என்ற சொல்லே வரவில்லை. கையால் குடிக்கிற மாதிரிக் காட்டினார். பதறிப்போய் அம்புலன்சுக்கு அடிக்கப் போனேன். கையை ஆட்டித் தடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உருவினால் அன்று சுகம், மறுநாளும் சுகம். அதற்கடுத்த நாள் இப்படித்தான். புதன் பின்னேரம் மெல்ல இறங்கும்.

"எவ்வளவு காலமா இது?"

"நீர் உருவத் தொடங்கின நாளிலயிருந்து."

கோதாரி! ஐந்து மாதம்! நான் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவேன். நான் திரும்பி வருவதற்குள் இந்த மனுசன் எழும்பி முகம் கழுவி, சோறும் வைத்து, வேலையால் வந்தவர் மாதிரி இருந்திருக்கிறார். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டுக் கிடந்திருக்கிறார். அன்றைக்குத்தான் முதலாளியின் எச்சரிக்கைக் கடிதத்தையும் தலையணைக்குக் கீழே கண்டேன். இனியும் இப்படி வேலைக்கு வராமல் நின்றால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று எழுதியிருந்தது. பெண்சாதி பிள்ளைகளின் வரவு அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் என் மனம் நோகும் என்று காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்! வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கேன் தம்பி இவ்வளவு சத்தம், தலை இடிக்குது" என்றார்.

அன்றோடு எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அவர்மேல் ஒரு விரல் வைப்பதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டேன். ஆனால் நான் அளந்ததைக் கேட்ட ஊர் விடுமா? மலேசியாவிலிருந்து வந்த முனியாண்டி அண்ணன் நல்ல மனிதர், இதை வாசித்துக் கோபிக்கமாட்டார். நான் மேலதிக வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு அவர் தைலப் போத்தலோடு வந்திருக்கிறார். நான் கதவைத் திறக்கும்போது வீடு முழுக்கத் தைல வாசம். அண்ணை குப்புறக் கிடக்க, அவர் முதுகில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருக்கிறார். "நல்லா அமுக்கிட்டேன் தம்பி, எல்லாம் சரியாயிடும்லா" என்கிறார் சந்தோசமாக. அவர் போனபிறகு நான் கத்தினேன். அண்ணை சொன்னார்: "அந்தாள் ரெண்டு பஸ் மாறி வந்தவர். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தனான்."

அந்தச் செவ்வாய் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு எப்சத்துக்குப் போனேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. அவரை மேசையில் இருத்திவிட்டு, முதலாளியின் அறைக்குள் நேரே போய் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். செவ்வாய்க்கிழமைகளில் இவருக்கு வேறு வேலை இல்லை, குடியும் இல்லை, நான் உருவியதால் வந்த வினை, வந்து ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் வந்து பார்த்தார். அண்ணை வேர்த்து வழிய ஒரே கோட்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, "இவர் ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டார். "ஐயா, அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றேன். அவரும் நானும் அந்த விநாடியில் ஒரே ஆத்திரத்தில் நின்றோம். அவரே அண்ணையை வீட்டுக்கு அனுப்பினார். எச்சரிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் உருவவில்லை. தைலத்தோடு வந்தவர்களை நான் வாசலிலேயே மறித்தேன். சிலர் என்னோடு இன்றைக்கும் கதைப்பதில்லை. நோ முழுதாகப் போகவில்லை, ஆனால் அந்தச் செவ்வாய்கள் நின்றுவிட்டன. சொன்னபடி ஒரு வருட முடிவில் கடிதம் வந்தது. அக்காவும் பிள்ளைகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அண்ணையைவிட நான்தான் அதிகம் அழுதேன். அவரைக் காப்பாற்றியவன் நான் என்ற நினைப்பு எனக்கு அடக்கம் நடந்த நாள் வரை இருந்தது.

அடக்கம் முடிந்து ஆட்கள் போனபிறகு, நான் அக்காவோடு குசினியில் இருந்தேன். ஏசாமல் இருக்க முடியவில்லை. "என்ன மனுசன் அக்கா இவர்! வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாத ஆள்" என்றேன். அக்கா அறைக்குள் போய், அவர் மன்னாருக்கு எழுதிய கடிதக் கட்டைக் கொண்டுவந்து ஒன்றைப் பிரித்துத் தந்தார். நான் உருவுவதை நிறுத்திய பிறகு, முனியாண்டி அண்ணன் வருவதற்கு முன் எழுதியது.

"இப்ப தம்பி என்ரை காலைத் தொடுறதில்லை. உடம்புக்கு நல்லம்தான், வேலைக்கும் ஒழுங்காப் போறன். நீங்கள் வந்து சேர வேணும், அதாலை நானும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் திரேசா, இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து என்னைத் தொட்ட கை அவன்ரை கை ஒண்டுதான். ரெண்டு நாள் படுத்தாலும் பரவாயில்லை எண்டுதான் இருந்தனான். இதை அவனுக்கு எழுதிப்போடாதையும், பாவம், கவலைப்படுவான்."

நாலு வரி நல்லதாக எழுதச் சொன்ன அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவர்கள் அவருடைய பொறுமையை எடுத்துக்கொள்ளுங்கள், அன்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது அவர்மேல் உள்ள கோபத்தை மட்டும்தான், அதை யாருக்கும் தரமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை! உருவாமல், அழுத்தாமல், ஞாயிறு முழுக்க உங்கள் காலில் சும்மா கையை வைத்துக்கொண்டு இருந்திருப்பேனே.