இலஞ்சியிலிருந்து சாக்கில் வந்த கிட்டார்

“பி.ஏ. படிச்சிட்டுப் பசை காய்ச்சுதாளாம்!”

திருநெல்வேலியிலிருந்து வரும் ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது இது. தென்காசி வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

உடைந்த வாத்தியங்களை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பது என் தொழில். வேலை செய்யும் நேரத்தைவிடக் காய்வதற்குக் காத்திருக்கும் நேரம் அதிகமான தொழில். கல்லூரி விடுதியில் என் வயலின் கழன்றுபோனபோது, நூலகத்திலிருந்த மரவேலைப் புத்தகத்தைப் பார்த்து நானே ஒட்டினேன். அன்று பிடித்த பைத்தியம் படிப்பு முடிந்தும் விடவில்லை. வீட்டுக்குள் இருந்தபடி ஏதாவது ஒரு தொழில் செய்து பார்த்த சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிராது.

வச்சிரம்

எங்கள் வீடு சைவம். வச்சிரமோ தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. கட்டியை ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து இளக்கும்போது எழும் வாசனையை நுகர்ந்தவர்கள் என்மேல் இரக்கப்படுவார்கள். அம்மா முதல் நாளே என்னையும் அடுப்பையும் தொழுவத்தை ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டாள். அந்த அறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு உண்டு. வருகிறவர்களோடு அம்மா வாசலில் நின்று பேசுவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லிக் கொடுப்பேன். வேற்று மனிதர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த வீட்டு மதினி ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அம்மாவுக்கு யோசனை சொன்னாள்: “பொண்ணு பாக்க வாறவங்க கேட்டா எலி செத்துக் கெடக்குன்னு சொல்லிருங்க அத்தை. பொண்ணு காய்ச்சுத பசைன்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்க.”

சாரல் வாங்கிய வயலின்

சீசனுக்குக் குற்றாலம் வந்த மதுரைக்காரர் ஒருவர் தன் வயலினை ஜன்னல் ஓரம் திறந்து வைத்துவிட்டு, அருவிக்கும் சாப்பாட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் மேல்பலகை ஒரு பக்கம், அடிப்பலகை ஒரு பக்கம். ஈரக்காற்றில் பசை இளகிவிட்டது என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன். அவரால் நம்ப முடியவில்லை.

“நமக்கு இம்புட்டு சுகமா இருக்கிற காத்து அதுக்கு ஒத்துக்கலையா? என்னம்மா அநியாயம்!”

சாக்கு

அந்த ஆடியில்தான் இலஞ்சியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். தோளில் இருந்த நெல்லுச் சாக்கைத் தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் வாசலில் இறக்கினார். உள்ளே ஒரு கிட்டார். முன்பலகை இரண்டாகப் பிளந்து, பக்க வளைவு நொறுங்கி, கழுத்து அடியோடு கழன்று, கம்பிகள்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தன. அவர் மகன் புனலூரில் வேலை பார்த்தபோது ஒரு சட்டைக்காரரிடம், அதாவது ஆங்கிலோ இந்தியரிடம், வாங்கியது.

இலஞ்சியில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வயலுக்குப் பாயும். அவர்கள் முறை வந்த ஒரு சாயங்காலம், மகன் மடையைத் திறக்க மறந்து வரப்பில் உட்கார்ந்து இதை வாசித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி கிட்டாரைப் பிடுங்கிக் களத்துக் கல்லில் ஓங்கி அடித்தார். மகன் அந்த வாரமே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது தீபாவளிக்கு லீவில் வருகிறானாம்.

“ஒட்டுனாலும் கோடு தெரியுமாம், அண்ணாச்சி,” என்று நான் சொன்னதை அம்மா சொன்னாள்.

“தெரிஞ்சா தெரியட்டும். ஒடைச்சதத்தான் அவன் கண்ணால பாத்தானே. அவன் வரும்போது இதுல சத்தம் வரணும், அம்புட்டுத்தான்.”

எண்ணெய்

ஒட்டினேன், மறுநாள் பிரிந்தது. புதுப் பசை காய்ச்சி, கிழிந்த சேலையால் சுற்றிக் கட்டி, அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். அப்போதும் பிரிந்தது. வச்சிரம் விற்ற கடைக்காரரை மனத்துக்குள் வைது முடித்தபிறகுதான் உடைந்த விளிம்பை முகர்ந்து பார்த்தேன். சுத்தமான நல்லெண்ணெய்!

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மகன் போன நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி அருவிக்குப் புறப்படுமுன், தான் தேய்த்துக்கொள்ளும் எண்ணெயில் கொஞ்சம் கிட்டாருக்கும் தேய்த்திருக்கிறார். உடைவுகளில் குறிப்பாக. அதை எடுக்க நான் பட்ட பாடு! சாக்குக்கட்டித் தூளைத் தூவி, ஒற்றுத்தாளை வைத்து, இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி ஒற்றி, ஆவணி முழுவதும் போயிற்று.

நான் கோபித்துக்கொண்டதாக அம்மா சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி கதவைப் பார்த்துச் சொன்னார்: “மரம் காஞ்சு வெடிச்சிரக் கூடாதுன்னுதான் தாயி தேச்சேன். சின்னதுல அவனுக்கும் நாந்தான் தேச்சுவிடுவேன்.”

பூசாத இடம்

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பதுதான் மெருகு. காற்றில் ஈரம் இருந்தால் மரத்தின்மேல் பால் கொட்டியதுபோல் வெளுத்துப் பூத்துவிடும். பூத்ததைச் சுரண்டுவேன், பூசுவேன், மேற்கே மலையில் மேகம் இறங்கும், மறுபடி பூக்கும். புரட்டாசி வெயிலில்தான் கைகூடியது. அதற்குள் அந்த மரத்தில் எனக்குத் தெரியாத இடம் இல்லை. விரல்கள் கழுத்தின் எந்த மெட்டுக்கட்டைகளுக்கு நடுவே அதிகம் நின்றன என்று தேய்மானமே சொல்லிற்று. வலது முழங்கை படும் விளிம்பில் பழைய மெருகு முழுவதும் போய் வெறும் மரம் தெரிந்தது. முகம் பார்த்திராத ஒருவனுடைய கையை அத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விளிம்பையும் பூசிவிடட்டுமா என்று வந்திருந்த அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியிருந்தது. அம்மா அடுக்களையில் இருந்தாள். வேறு வழியில்லாமல் கதவைப் பாதி திறந்து நானே கேட்டேன். அண்ணாச்சி அந்த இடத்தில் தன் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

“அவன் கை இங்கனதான் கெடக்கும். அத மட்டும் விட்டுரு தாயி.”

பாதிப் பாட்டு

யுத்தகாலம், கிட்டார்க் கம்பி கிடைக்கவில்லை. கிடைத்த வீணைக் கம்பிகளைக் கட்டி, வயலின்காரியின் காதுக்குத் தெரிந்தபடி சுருதி கூட்டினேன். சத்தம் வந்தது. தீபாவளியும் வந்தது. மகன் வரவில்லை, லீவு ரத்தாம்.

அண்ணாச்சி கிட்டாரை எடுத்துப் போகவில்லை. “வீட்டுல இருந்தா ஆரு அடிப்பா? இங்கனயே கெடக்கட்டும்,” என்றார். ஈரத்தில் கம்பியின் சுருதி இறங்கியிருக்கும், பார்க்க வேண்டும் என்று வாரா வாரம் வரத் தொடங்கினார். பார்ப்பது எங்கே? கதவுக்கு வெளியே நின்று நான் வாசிப்பதைக் கேட்பார். கிட்டாரில் எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. கல்லூரி விடுதி மதிலுக்கு அப்பால் ஒரு வீட்டில் யாரோ தினமும் சாயங்காலம் கிட்டாரில் வாசிப்பார்கள். பாதியில் எங்கள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அதன் முடிவை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு அதை நானாக முடித்துப் பார்த்திருக்கிறேன், சரியாக வந்ததில்லை.

மணி அடிக்கும் இடத்தில் என் கையும் நின்றுவிடும். அதற்குமேல் என்ன என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன்.

“சரி, மிச்சத்த அவன் வந்து அடிக்கட்டும்.”

தண்ணீர் முறை

மாசியில் குளத்துத் தண்ணீர் அடியில் கிடந்தது. முறை தவறினால் பயிர் போய்விடும் என்று ஊர் முழுக்க அதே பேச்சு. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி தோளில் மம்பட்டியோடு வந்தார். அந்த மாதம் மகனிடமிருந்து தகவல் எதுவும் இல்லை என்பது இலஞ்சியிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வெளிச்சம் மங்கும்வரை நின்றார். நான் கதவை முழுவதும் திறந்து வைத்து, பாதிப் பாட்டை வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

“என்ன அண்ணாச்சி, நின்னுட்டே இருக்கீக?” என்றாள் அம்மா. “இன்னைக்கி ஒங்க மொறைன்னுல்லா சொன்னீக? மடையைத் தொறக்க வேண்டாமா?”

அண்ணாச்சி மம்பட்டியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டை விரித்து வாசற்படியில் உட்கார்ந்தார்.