கண்ணாடிக்குள் பால் எடுத்தவன்

மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒன்றும் நான் இட்டுக்கட்டியது இல்லை. இட்டுக்கட்டுகிறவன் தன்னை இவ்வளவு கேவலமாகவா காட்டிக்கொள்வான்? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டித்தான் எழுத்து கற்றேன்.

1984-ஆம் வருஷம். மலேசியாவில், சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். நானும் என் மனைவி நவமணியும் அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. ஆளுக்கு ஒரு நிரை. நிரை என்றால் ஒரு ஆளுடைய பொறுப்பில் விட்ட மரங்கள்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண், நகம், எல்லாம் மஞ்சள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, "மூணு வாரம் அசையக் கூடாது, பெர்னார்ட். எந்திரிச்சி வேலைக்குப் போனே, பெட்டியில போட்டுத்தான் தூக்கிட்டு வருவாங்க" என்றார்.

படுக்கலாம். நிரையை யார் வெட்டுவது? எங்கள் தோட்டத்தில் ஆள் விழுந்துவிட்டால் நிரையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுந்து வந்தால் திரும்பக் கிடைக்காது. புல்லுக்கு விஷமருந்து அடிக்கிற வேலைதான். அதில் போனவர்கள் இருமி இருமியே முடிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு ஆள் யாராவது சேர்த்து வெட்டினால் மட்டும் நிரை நம் பேரிலேயே இருக்கும்.

"ரெண்டு நிரையையும் நானே வெட்டுறேன்" என்றாள் நவமணி.

அவளுக்கு அப்போது ஆறு மாதம். முந்தின வருஷம்தான் பால் வாளியைத் தோளில் சுமந்து, ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கார் ஆராங்கிலிருந்து டக்ளஸ் வந்தான். நவமணியின் தம்பி. பாக்டரியில் வேலை. தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசாரில் வாங்கியதாம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாமானை என் நெஞ்சின் மேல் வைத்தான். நடுவில் கண்ணாடி, கீழே இரண்டு பட்டன்.

"என்னடா இது?"

"கேம், மச்சான். சீக்காளிக்குன்னே செஞ்ச மாதிரி. எந்திரிக்க வேணாம், மூளையும் வேணாம்."

"மூளை வேணாம்னா உனக்குத்தான் சரியா வரும்."

"அதான் நான் ஆடி முடிச்சிட்டேன்லா!"

கண்ணாடிக்குள் மேலே நான்கு கிளைகள். கிளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். கீழே ஒரு குட்டி மனிதன், கையில் வாளி. இடது பட்டனை அழுத்தினால் இடப்பக்கம் போவான். வலது பட்டனுக்கு வலப்பக்கம். சொட்டு வாளியில் விழுந்தால் 'டிக்'. மூன்று தவறினால் ஆட்டம் முடிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டி இருட்டில் இரண்டு ஆள் வேலை செய்கிறாள். நான் படுத்துக்கொண்டு பொம்மை விளையாடுவதா? அவள் கண்ணில் படாமல் அதைத் தலையணை உறைக்குள் சொருகி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணி. வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி அடித்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நவமணி கிளம்பினாள். லயத்து வீடுகள் முழுக்கக் காலி. எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உறைக்குள் கை போனது.

டிக்... டிக்... டிக்...

உண்மையைச் சொன்னால், அது இதமாக இருந்தது. காய்ச்சல் தலைக்கு யோசனையே ஓடவில்லை. சொட்டு விழும், அவன் பிடிப்பான். சொட்டு விழும், அவன் பிடிப்பான். நடுவில் மட்டும் இன்னொரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. சரக்... என்று. மரப்பட்டையைக் கத்தி சீவுகிற சத்தம். இருபது வருஷம் கேட்ட காது, சும்மா இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் பொம்மையை ஒளித்துவிட்டுத் தூங்கினேன்.

நவமணி பகல் ஒரு மணிக்கு முன்னால் வர முடியாது. அன்று பத்து மணிக்கே வாசலில் நின்றாள்.

"என்னங்க, உங்களுக்கு அறிவு இருக்கா?"

பொம்மை தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உடம்பு கூசியது.

"டிரஸ்ஸர் என்ன சொன்னாரு? எதுக்கு எந்திரிச்சிப் போனீங்க?"

"எங்க?"

"எங்கயா? என் நிரைய முடிச்சிட்டு உங்க நிரைக்குப் போறேன், அத்தனை மரமும் வெட்டிக் கெடக்கு. மங்கு மங்கா பால் நிக்குது. உங்க வெட்டு எனக்குத் தெரியாதா?"

மரம் வெட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வெட்டு. சாய்வு, ஆழம், முடிக்கிற இடம். முகத்தைப் போலத்தான்.

நான் போகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிறகு ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது, காலையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். என் கை தலையணை மேல் இருந்தது.

"ம்... கொஞ்சம் முடிஞ்சிது. போனேன்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, என் தலையைத் தன் மடியில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. மண்டோர் பழனியாண்டி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் வேலையை மேய்க்கிறவர், தோட்டத்தில் பழைய ஆள்.

"காமாலையோட போயி பொண்டாட்டிக்கு வெட்டிக் குடுத்தியாமே! ஆம்பளைன்னா நீதான்டா தம்பி. எங்க வீட்டுல இப்ப எனக்குத்தான் ஏச்சு."

நான் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. நான் ஆடினேன். மரம் வெட்டிக் கிடந்தது. யாரோ இரக்கப்பட்டுச் செய்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வெட்கம் தாங்கவில்லை. புதன்கிழமை பொம்மையைத் தொடவே இல்லை.

அன்று நவமணி வரும்போது மணி ஒன்றரை. கால் இரண்டும் வீங்கியிருந்தது. கால்வாய் ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். கைலியில் ஒரு பொட்டு ரத்தம்.

"இன்னைக்கு உங்களால முடியல போல. பரவால்ல, நீங்க படுங்க" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஆடினால் மரம் வெட்டப்படுகிறது. ஆடாவிட்டால் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வியாழக்கிழமை. மணி அடித்தது. பொம்மையை எடுத்தேன். இந்தத் தடவை அது விளையாட்டு இல்லை, வேலை.

5:40 இருக்கும். நான் அழுத்துவதற்கு முன்னாலேயே அவன் நகர்ந்தான். கட்டை விரலை எடுத்துப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு ஓடினான். ஒரு சொட்டுகூடத் தவறவில்லை.

அந்தக் குட்டி மனிதனுக்கு இரண்டு புள்ளிக் கண் உண்டு. அன்று கண்ணைக் காணோம்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பொம்மையைக் கீழே போட்டிருப்பேன். கைலியில் பார்த்த ரத்தம் ஞாபகம் வந்தது. போடவில்லை.

சனிக்கிழமை. 6:10. கரண்ட் நின்றுவிட்டது. வெளியே இன்னும் கும்மிருட்டு. கண்ணாடி தெரியவில்லை. பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

டிக்.

டிக்.

சரக்...

சத்தம் காட்டில் இல்லை. வெளியேயும் இல்லை. என் அறைக்குள்.

பால் வாடை அடித்தது. பச்சைப் பால்.

கதவுக்குப் பின்னால்தான் என் கத்தி தொங்கும். அந்தப் பக்கம் ஏதோ உரசியது.



தலைமாட்டில்... ஒரு மூச்சு.

"ஆடு."

அவ்வளவுதான். ஒரே சொல்.

நான் ஆடினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆடினேன்.

விடிந்த பிறகு கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கத்தி அதன் ஆணியில்தான் தொங்கியது. நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு. விரலால் தொட்டேன். ஈரம்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மீதி இரண்டு வாரமும் ஆடினேன். நவமணி தினமும் பத்து மணிக்கு வந்தாள். கால் வீக்கம் வடிந்தது. ரத்தமும் அதற்குப் பிறகு வரவில்லை. யாருடைய உழைப்பில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து வேலைக்குப் போன முதல் நாளே பொம்மையை டக்ளஸுக்கே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. குறையில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானத்துக்குப் பட்டணத்துக் கோயிலுக்குப் போனோம். கேதரின் என்று பெயர் வைப்பதாகத்தான் எனக்குத் தெரியும்.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று பாதர் கேட்டார்.

"கேதரின் மருதம்மாள்" என்றாள் நவமணி.

பாதர் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பெயரே கிடையாது.

"அவரு ஆசைப்பட்டு வெச்ச பேரு, பாதர்."

நான் தலையை ஆட்டினேன். கோயில் படியில் இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டேன்.

"நான் எப்ப சொன்னேன்?"

அவள் சிரித்தாள். "காய்ச்சல்ல எல்லாத்தையும் மறந்துட்டீங்களா? மறுநாள்லேருந்து தெனமும் பக்கத்து நிரையில எனக்கு முன்னால வெளக்கக் கட்டிக்கிட்டு வெட்டிக்கிட்டே போவீங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. முதுகத்தான் பாக்கணும். வெளிச்சம் வர்றதுக்குள்ள கெளம்பிடுவீங்க. கட்டை மேல ரொட்டியும் கோப்பியும் வெச்சிட்டுப் போவேன். திரும்பி வந்தா காலியா இருக்கும்."

"அப்புறம்?" என்றேன்.

"ஒரு நாளு தல சுத்தி மரத்தடியில உக்காந்துட்டேன். நீங்க பின்னால வந்து வயித்துல கை வெச்சீங்க. யம்மா, கை என்னா ஜில்லு! காமாலைன்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன். 'மருதம்மாள்னு வை'ன்னீங்க. அவ்வளவுதான், போயிட்டீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அவ்வளவு பெருமையாக என்னைப் பார்த்தாள்.

"ஆமா, சொன்னேன்" என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டில் விருந்து. பழனியாண்டி அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பிள்ளைக்கு யாருடா இந்தப் பேர வெச்சது?"

"நான்தாண்ணே."

கறியை எடுத்த கை பாதியில் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னண்ணே?"

குரலை இறக்கினார். "நீ இந்தத் தோட்டத்துக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னால. உன் நிரைய வெட்டுனவனோட பொண்டாட்டி பேருடா அது. அவன் சீக்குல படுத்துட்டான். நிரை போயிடும்னு மாசமா இருந்தவ அவன் நிரையையும் சேத்து வெட்டுனா. அங்கேயேதான் விழுந்தா. வயித்துல இருந்ததும் சேந்து போச்சி."

"அவன்?"

"எந்திரிச்சி நடந்த அன்னைக்கே அந்த நிரைக்குத்தான் போனான். உயிரோட திரும்பல..."

எழுந்து போய்க் கை கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. அம்மாவும் அக்கம்பக்கமும் மருதம்மா, மருதம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் 'பாப்பா' என்பதோடு சரி.

சில நாள், பெரட்டு மணி அடிக்கும் முன்னால், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, இருட்டில் அவள் சட்டென்று எழுந்து உட்காருகிறாள். கதவைப் பார்த்து, "என்னப்பா?" என்கிறாள்.

நான் அவள் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன்.

அந்தப் பெயரைச் சொல்லி நான் அவளை இதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.