ஃப்ளெக்ஸில் மூடிய உதடுகள்

என் மகள் கைக்குழந்தையிலிருந்தே கட்டைவிரல் சப்புவாள். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கெல்லாம் அதில் அப்படியொரு சந்தோஷம். சர்ச்சில் பூசை நேரத்தில் மற்றப் பிள்ளைகள் அழுது அமர்க்களம் பண்ண, இவள் மட்டும் விரலை வாயில் வைத்துக்கொண்டு சமர்த்தாக இருப்பாளாம். நான் விரலை எடுத்துவிட்டால் என் நாத்தனார் அதைத் திரும்ப அவள் வாயில் வைத்துவிடுவார். "அது பாட்டுக்கு சப்பிக்கினு கெடக்குது. உனுக்கு இன்னா கஷ்டம்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு வயதில் முளைத்த மேல்பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன. உதடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. பல் டாக்டர் அவளைத் திட்டவில்லை, விரலில் கசப்பாக எதையும் தடவச் சொல்லவும் இல்லை. பால்பல் விழுவதற்கு முன்பே பழக்கம் நின்றிருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகியிருக்கும், இனி எல்லாப் பல்லும் முளைத்த பிறகு கிளிப் போட வேண்டிவரும் என்றார். தூங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்து, ஒருவழியாகப் பழக்கத்தை நிறுத்தினேன். பல் அப்படியேதான் இருந்தது. அன்று சப்பட்டும் விடு என்றவர்களே இப்போது, "பொம்பளப் புள்ளைக்கு இப்டியா பல்லு?" என்று கேட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருடம் நாத்தனாரின் ஊரான திண்டிவனத்தில் என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. கோயில் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூ, கையில் மெழுகுதிரி எல்லாம் சரி. வாய் மட்டும் என் மகளுடையது இல்லை. ஸ்டூடியோக்காரரிடம் சொல்லிப் பற்களை அழித்து, உதடுகளை மூடிவைத்திருந்தார் நாத்தனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மேலுதட்டைக் கீழே இழுத்து, கீழுதட்டோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டாள். பூசை முழுக்க அப்படியேதான் இருந்தாள். பாட்டு பாடவில்லை, ஜெபம் சொல்லவில்லை. சாமியார் நற்கருணை அப்பத்தோடு எதிரே வந்து நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கொண்டாள்.

"பாத்தியா, எவ்ளோ பக்தி" என்றார் நாத்தனார்.

பூசை முடிந்ததும் விருந்துக்கு வந்திருந்த சமையல்காரரிடம் கத்தியை வாங்கிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுக்கப் போனேன். "பக்தியா அண்ணி? நீங்க மூடி வச்ச வாயத் தொறக்க பயந்துக்கினு நிக்கறா அவ" என்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வாணாம்மா, இருக்கட்டும். ரோட்ல போறவங்களாவது அதுதான் நானுன்னு நெனச்சிக்குவாங்க."